உங்கள் பேட்டையிலேயே ஒரு ஃபோ கடை: வியட்நாமியக் கடையைக் கண்டுபிடித்து வாடிக்கையாக்கிக்கொள்ள முழுமையான வழிகாட்டி

மெல்போர்னுக்கு வந்து ஒன்றரை வருடம் கழித்துத்தான் ‘என் கடை’ என்று சொல்லிக்கொள்ள எனக்கு ஒரு வியட்நாமியக் கடை வாய்த்தது. இத்தனைக்கும் அது நான் குடியிருந்த நோபிள் பார்க்கிலிருந்து ரயிலில் இரண்டாவது நிறுத்தம். அதுவரை செல்போனில் நட்சத்திரங்களை எண்ணிப் பார்த்து, நகர மையத்தில் வரிசையில் நின்று, மூங்கில் கூடை விளக்குகளுக்குக் கீழே சுமாரான ஃபோ (மாட்டெலும்புச் சாற்றில் அரிசி நூடுல்ஸ் போட்ட வியட்நாமிய சூப்) சாப்பிட்டுவிட்டு, “இதற்குத்தானா இவ்வளவு பேச்சு?” என்று வீடு திரும்பிக்கொண்டிருந்தேன். கடைசியில் ஸ்பிரிங்வேலில் ஒரு மழை நாளில் குடை இல்லாமல் ஒதுங்கினேன். ஒதுங்கிய இடம் அந்தக் கடையின் வாசல்.

அதிர்ஷ்டம்தான். ஆனால் பின்னால் யோசித்துப் பார்த்தால், அது நல்ல கடை என்பதற்கான அடையாளங்கள் எல்லாம் வாசலிலேயே இருந்தன. எனக்குத்தான் வாசிக்கத் தெரியவில்லை. அந்த வாசிப்பைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்லப்போகிறேன். உதாரணங்கள் பெரும்பாலும் மெல்போர்னிலிருந்து வரும். பாரிஸிலோ லண்டனிலோ சான் ஹோசேயிலோ இருப்பவர்களுக்கும் முக்கால்வாசி பொருந்தும்.

தொடங்கும் முன் உச்சரிப்பு. தமிழில் ‘ஃபோ’ என்று எழுதினாலும், அவர்கள் வாயில் அது ‘ஃபஅ?’ என்று சந்தேகமாகக் கேள்வி கேட்பதுபோல் இறங்கி ஏறும். தப்பாகச் சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கொஞ்சம் முயன்று சொன்னால் மட்டும் முகம் மலரும்.

படி 1: எந்த அலை வந்து இறங்கிய இடம் என்று பாருங்கள்

நல்ல வியட்நாமியக் கடைகள் ஊர் முழுக்கச் சமமாகப் பரவிக் கிடப்பதில்லை. அகதிகள் எங்கே இறக்கிவிடப்பட்டார்களோ அதைச் சுற்றித்தான் முளைத்திருக்கின்றன. வியட்நாம் போரின் முடிவில், 1975 ஏப்ரல் 30 அன்று தெற்கு வியட்நாமின் தலைநகர் சைகோன் வடக்கின் படைகளிடம் வீழ்ந்தது. மறு வருடம் ஏப்ரல் 26 அன்று ஐந்து இளைஞர்கள் ஒரு மீன்பிடிப் படகில் ஆஸ்திரேலியாவின் டார்வின் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தார்கள். அதற்குப் பின் வந்தவர்களில் பலரை அரசு குடியேறிகள் விடுதிகளில் தங்கவைத்தது. மெல்போர்னில் ஸ்பிரிங்வேலில் எண்டர்பிரைஸ் விடுதி, மேரிபிர்னாங்கில் மிட்வே விடுதி. சிட்னியில் கப்ரமாட்டா, வில்லவுட் பக்கம். விடுதியை விட்டு வெளியே வந்தவர்கள் வாடகை மலிவான, தொழிற்சாலைகளுக்குப் பக்கமான இடத்தில் வீடு பார்த்தார்கள். ஸ்பிரிங்வேலும், மேரிபிர்னாங்குக்குப் பக்கத்து ஃபுட்ஸ்கிரேயும், கப்ரமாட்டாவும் இன்று சாப்பாட்டுக்குப் பேர்போனது இப்படித்தான். மெல்போர்னிலேயே ரிச்மண்டின் விக்டோரியா தெருவுக்கு, பக்கத்தில் இருந்த அரசு அடுக்குமாடிக் குடியிருப்புகள் காரணம்.

வேறு நாடுகளிலும் இதே கணக்குதான். கலிபோர்னியாவில் பெண்டில்டன் ராணுவ முகாமில் தங்கியவர்கள் அதே பிராந்தியத்தில் வெஸ்ட்மின்ஸ்டரிலும் கார்டன் குரோவிலும் குடியேற, போல்சா அவென்யூ ‘குட்டி சைகோன்’ ஆனது. பாரிஸ்காரர்கள் 13ஆம் வட்டாரத்துக்குப் போகலாம், லண்டன்காரர்கள் ஷோர்டிச் பக்கம் கிங்ஸ்லாண்ட் ரோடுக்கு, சிங்கப்பூர்காரர்கள் ஜூ சியாட்டுக்கு. பெர்லின் கதை வேறு. கிழக்கு ஜெர்மனி இருந்த காலத்தில் வியட்நாமிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளர்களாக வந்தவர்களில் வடக்கத்தியர் நிறைய. லிச்டன்பெர்க்கில் இருக்கும் டோங் சுவான் சந்தைக்குப் போனால் ஹனோய் சாப்பாடே கிடைக்கும்.

எந்த அலை என்று பார்ப்பது எதற்கு? வடக்கத்தியர் கடை ஃபோவும் தெற்கத்தியர் கடை ஃபோவும் ஒன்றில்லை. ஃபோ பிறந்தது வடக்கே, ஹனோய், நாம் தின் பக்கம், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில். 1954 ஜெனீவா ஒப்பந்தத்தில் நாடு இரண்டானபோது எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வடக்கிலிருந்து தெற்கே போனார்கள், கையோடு ஃபோவும் போனது. தெற்கே போனதும் அதற்கு இனிப்பு ஏறியது, பச்சை இலைத் தட்டு சேர்ந்தது, பாசிப்பயறு முளை வந்தது, கருப்பு சாஸும் சிவப்பு சாஸும் வந்தன. வடக்கத்தியர் இன்றும் இதைப் பார்த்து உதட்டைப் பிதுக்குவார்கள். திருநெல்வேலிக்காரர் கோயம்புத்தூர் சாம்பாரைப் பற்றிப் பேசுவதைக் கேட்டிருந்தால் உங்களுக்குப் புரியும். ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் நீங்கள் பார்க்கப்போவது பெரும்பாலும் தெற்கத்திய ஃபோ.

படி 2: பெயர்ப்பலகையை வாசியுங்கள்

ரயில் நிலையத்தில் இறங்கி ஒரு முழுச் சுற்று நடங்கள். உள்ளே போக வேண்டாம், பலகைகளை மட்டும் பாருங்கள்.

ஊர்ப் பெயர் இருந்தால் நல்லது. நம்மூரில் ‘திண்டுக்கல்’, ‘ஆம்பூர்’ என்று பலகையில் எழுதினால் என்ன பொருளோ அதே பொருள்தான் அங்கேயும். ‘ஹுவே’ என்றிருந்தால் எலுமிச்சைப்புல் போட்ட காரமான மாட்டிறைச்சி நூடுல்ஸ் சூப்பை எதிர்பார்க்கலாம். ‘மி தோ’, ‘நாம் வாங்’ என்றிருந்தால் ஹு தியூ என்ற பன்றியிறைச்சி, இறால் நூடுல்ஸ். நாம் வாங் என்பது கம்போடியாவின் நோம் பென்னுக்கு வியட்நாமியப் பெயர். ‘பாக்’ என்றால் வடக்கு. பெயருக்குப் பின்னால் 54 அல்லது 75 என்று எண் இருந்தால் அது பெரும்பாலும் வருடம், வீட்டைவிட்டுக் கிளம்பிய வருடம். எல்லா எண்ணும் அப்படியில்லை. சிலது தெருக் கதவெண், சிலது ராசி எண். எண்ணைப் பார்த்ததும் கண்கலங்க வேண்டாம்.

மெனு நீளமாக இருக்கிறது என்று ஒரு கடையைத் தள்ளிவிடாதீர்கள். சின்ன மெனு இருந்தால்தான் நல்ல கடை என்று யாரோ கிளப்பிவிட்டதை நம்பி, நானே இரண்டு நல்ல கடைகளைத் தாண்டிப் போயிருக்கிறேன். வியட்நாமியக் கடைகளில் நூற்றுச்சொச்சம் அயிட்டம் சகஜம். ஆனால் உள்ளே ஐந்து மேசை இருந்தால் நான்கில் ஒரே சாப்பாடு இருக்கும். அந்தக் கடை விடியற்காலையில் எழுந்து அடுப்பு மூட்டுவது அந்த ஒன்றுக்காகத்தான். மற்ற நூறும் கூட வந்த பிள்ளைக்கும், ஃபோ வேண்டாம் என்று முகம் சுளிக்கும் மருமகனுக்கும். அந்த ஒன்று எது என்று கண்டுபிடிப்பதுதான் இந்த வழிகாட்டி முழுவதிலும் உங்களுக்கு நான் வைக்கும் வேலை.

இணைய விமர்சனங்களை அறவே பார்க்காதீர்கள் என்று சொல்லமாட்டேன். தலைகீழாகப் பாருங்கள். “சாப்பாடு பிரமாதம், ஆனால் பரிமாறியவர் சிரிக்கவே இல்லை, தட்டைத் தொம் என்று வைத்தார், சீக்கிரம் எழுந்திருக்கச் சொன்னார்” என்று ஒருவர் மூன்று நட்சத்திரம் கொடுத்திருந்தால், மறுநாள் காலையே அந்தக் கடைக்குப் போங்கள்.

படி 3: சரியான நேரத்துக்குப் போங்கள்

சரியான நேரம் காலை. ஃபோ அடிப்படையில் காலைச் சாப்பாடு. இட்லிக்கடையை ராத்திரி ஒன்பது மணிக்குப் போய் எடைபோடுவது எவ்வளவு நியாயமோ அவ்வளவுதான் ராத்திரி ஃபோவும். ஒன்பது மணிக்குக் கதவு திறந்து, மாலை நான்கு ஐந்துக்கெல்லாம் நாற்காலியைக் கவிழ்த்துவிடும் கடை என்றால் என் கண்ணில் அதற்குக் கூடுதல் மதிப்பெண். காய்ச்சிய அண்டா தீர்ந்தால் கடை மூடிவிடும்.

வார நாளில், ஒன்பதரைக்கும் பத்தரைக்கும் நடுவில் போங்கள். வாசலில் இருந்து மூன்று விஷயம் பாருங்கள்.

ஒன்று, யார் சாப்பிடுகிறார்கள். தனியாக உட்கார்ந்து பேப்பர் படிக்கும் தாத்தாக்கள் இரண்டு பேர் இருந்தாலே போதும்.

இரண்டு, வாசனை. அன்னாசிப்பூ, பட்டை, கிராம்பு, கருப்பு ஏலக்காய், சுட்ட இஞ்சி. ஒரு நொடி கல்யாண வீட்டுப் பிரியாணிப் பந்தலுக்குள் நுழைந்த மாதிரி இருக்க வேண்டும். அந்த வாசனை தெருவுக்கு வரவில்லை என்றால் உள்ளே அண்டா கொதிக்கவில்லை என்று பொருள்.

மூன்று, தரை. கல்லாவுக்குப் பக்கத்தில், வாசலைப் பார்த்தபடி, தரையோடு தரையாக ஒரு சிவப்பு மாடம் இருக்கும். உள்ளே இரண்டு பொம்மைச் சாமிகள். தொந்தியும் சிரிப்புமாக இருப்பவர் நிலத்துக்குரிய ஓங் தியா, கூட இருப்பவர் செல்வத்துக்குரிய தன் தாய். என் கடையில் இவர்களுக்குத் தினமும் ஒரு சின்னக் கண்ணாடித் தம்ளரில் காபி வைப்பார்கள். மாடம் இருந்தால் சாப்பாடு நன்றாக இருக்கும் என்று சொல்ல வரவில்லை. ஆனால் ஊதுவத்திச் சாம்பல் புதிதாக இருந்து, பழம் வாடாமல் இருந்தால், முதலாளி காலையில் தானே கடைக்கு வருகிறார் என்று தெரிந்துகொள்ளலாம். சாப்பாட்டுக் கடைக்கு அதைவிட நல்ல சேதி கிடையாது.

படி 4: உள்ளே போய் உட்காருங்கள், முறை வைத்துக் கூப்பிடுங்கள்

யாராவது வந்து வரவேற்று உட்காரவைப்பார்கள் என்று வாசலில் நிற்காதீர்கள். காலி இடத்தில் உட்காருங்கள். கூட்டம் இருந்தால் அடுத்தவர் மேசையில் பங்கு போட்டுக்கொள்வது வழக்கம். தேநீர் ஃபிளாஸ்க்கிலோ பானையிலோ இருக்கும், பல கடைகளில் அதற்குக் காசில்லை. மேசையில் உள்ள சாப்ஸ்டிக்கையும் கரண்டியையும் காகிதத்தால் ஒரு முறை துடைத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் செய்வதுதான், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். பில் மேசைக்கு வராது. எழுந்துபோய்க் கல்லாவில் கட்ட வேண்டும், மேசை எண்ணைச் சொல்லி.

இங்கேதான் தமிழர்களுக்கு ஒரு வசதி. வெள்ளைக்கார நண்பர்கள் வியட்நாமிய மொழியில் ‘நீங்கள்’ என்பதற்கு என்ன வார்த்தை என்று கேட்டுக் குழம்பிப்போவார்கள், ஏனென்றால் அப்படி ஒரே வார்த்தை கிடையாது. எல்லாம் உறவுமுறைதான். கொஞ்சம் மூத்த ஆண் என்றால் ‘ஆன்’, அண்ணன். மூத்த பெண் ‘சி’, அக்கா. இளையவர் ‘எம்’, தம்பியோ தங்கையோ. அப்பா வயதுக்குச் சற்றுக் குறைந்தவர் ‘சூ’, சித்தப்பா. அதைவிட மூத்தவர் ‘பாக்’, பெரியப்பா. அம்மா வயதுப் பெண் ‘கோ’, நேரடி அர்த்தம் அப்பாவின் தங்கை, நம் அத்தை. அம்மாவின் தங்கைக்கு ‘ஸி’ என்று தனி வார்த்தை, அம்மாவின் தம்பிக்கு ‘கௌ’ என்று தனி வார்த்தை. அத்தையும் சித்தியும் ஒன்றில்லை என்று நமக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை.

கூப்பிடுவதற்கு முறைப்பெயரோடு ‘ஒய்’ சேர்த்துக்கொள்ளுங்கள். ‘சி ஒய்!’ என்றால் ‘அக்கா!’ ‘கோ ஒய்!’ என்றால் ‘அத்தை!’ நம் விளி வேற்றுமை மாதிரி. வயதைச் சற்றுக் குறைத்தே கணியுங்கள். அறுபது வயதுக்காரரை அக்கா என்றால் சிரிப்பார், நாற்பது வயதுக்காரரைப் பாட்டி என்றால் அன்றைக்கு உங்கள் கிண்ணத்தில் இறைச்சி குறையும்.

படி 5: முதல் கிண்ணம்

எல்லா மேசையிலும் எது இருக்கிறதோ அதையே வாங்குங்கள். அது ஃபோ என்று வைத்துக்கொள்வோம். மெனுவில் வரும் குழப்பமான வார்த்தைகள் எல்லாம் மாட்டின் பாகங்கள்தான். ‘தாய்’ என்றால் பச்சையாக மெல்லிசாகச் சீவி, கொதிக்கும் சாற்றில் கிண்ணத்திலேயே வேகவைப்பது. தாய் என்றதும் நமக்கு வேறு அர்த்தம் ஓடும், கண்டுகொள்ளாதீர்கள். ‘சீன்’ நன்றாக வெந்தது. ‘நாம்’ விலாப்பக்கத்து இறைச்சி, ‘கௌ’ கொழுப்போடு கூடிய நெஞ்சுப்பகுதி (தமிழில் எழுதினால் மாமாவும் இதுவும் ஒன்றுதான், அவர்கள் வாயில் முதல் ஒலியே வேறு). ‘கன்’ தசைநார், ‘சாக்’ இரைப்பையின் ஒரு பகுதி. ‘சாக்’ என்றால் அவர்கள் மொழியில் புத்தகம் என்றும் பொருள். ஏடு ஏடாக இருப்பதால் அந்தப் பெயர். ‘போ வியன்’ இறைச்சி உருண்டை. எல்லாம் கலந்தது வேண்டுமென்றால் ‘தக் பியெட்’, ஸ்பெஷல். முதல் தடவைக்கு ‘தாய் நாம்’ போதும். சின்னக் கிண்ணமே நம்மூர் ஆளுக்கு முழுச் சாப்பாடு.

கிண்ணம் வந்ததும் என் முதல் நாளில் நடந்தது இது. மழையில் நனைந்த பசி. மேசையில் இருந்த கருப்பு சாஸை ஒரு சுற்று, சிவப்பு சாஸை ஒரு சுற்று, கிண்ணத்துக்கு மேலே பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்து அழுத்தப் போனேன். பின்னாலிருந்து ஒரு கை வந்து பாட்டிலைப் பிடித்துக்கொண்டது. கடைக்கார அம்மா. அறுபதுக்கு மேல் இருக்கும், முன்கையில் அடுப்புச் சூட்டுத் தழும்பு. ஒன்றும் பேசவில்லை. பாட்டிலை வாங்கிக் கீழே வைத்தார். கரண்டியை எடுத்து என் கையில் திணித்து, கிண்ணத்தைக் காட்டினார். குடித்தேன். நின்று பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொரு வாய் குடித்தேன். அதன்பிறகுதான் கட்டைவிரல் அளவு ஒரு தட்டைக் கொண்டுவந்து, அதில் கருப்புப் பாதி சிவப்புப் பாதி ஊற்றி, ஒரு துண்டு இறைச்சியைத் தொட்டுக் காட்டிவிட்டு உள்ளே போனார். எனக்குக் காது சூடாகிவிட்டது. ஆனால் அந்த இரண்டு வாய் சாறுதான் இந்தக் கட்டுரைக்கே காரணம்.

ஆகவே, முதலில் சாறு. எதையும் சேர்க்காமல் மூன்று கரண்டி. சாறு கலங்காமல் தேநீர்போல் தெளிந்து, மேலே சின்னச் சின்னக் கொழுப்பு வட்டங்கள் மிதக்க வேண்டும். மாட்டெலும்பை ஒரு கொதி விட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டி, எலும்பைக் கழுவி, மறுபடி புதுத் தண்ணீரில் மணிக்கணக்காகச் சிறுதீயில் வைத்தால்தான் இந்தத் தெளிவு வரும். அவசரப்பட்டுத் தளதளவென்று கொதிக்கவிட்டால் கலங்கிவிடும். வெங்காயத்தையும் இஞ்சியையும் தோலோடு தீயில் கருகச் சுட்டுப் போடுவார்கள். உப்புக்கு மீன் சாறு, இனிப்புக்குக் கற்கண்டு. குடிக்கும்போது முதலில் இனிப்பு, பிறகு மசாலா, கடைசியாக நாக்கின் ஓரத்தில் எலும்பின் கனம். சர்க்கரை மட்டும் தனியாகத் தெரிந்தாலோ, அன்னாசிப்பூ மட்டும் முன்னால் வந்து நின்றாலோ அவ்வளவு நல்ல அண்டா இல்லை. அஜினோமோட்டோ இருக்குமா என்று கேட்பார்கள். பல கடைகளில் கொஞ்சம் இருக்கும், அதை வைத்து நான் தரம் பிரிப்பதில்லை.

பிறகு எலுமிச்சை பிழியுங்கள், கொஞ்சமாக. பிறகு இலை. நூடுல்ஸைக் கிளறிவிட்டுச் சீக்கிரம் சாப்பிடத் தொடங்குங்கள். படம் எடுத்துக்கொண்டிருந்தால் அது ஊறிக் கூழாகிவிடும். வலது கையில் சாப்ஸ்டிக், இடது கையில் கரண்டி. உறிஞ்சும் சத்தம் வந்தால் வரட்டும். ரசத்தைக் கையில் வாங்கிக் குடித்தவர்களுக்கு இதில் என்ன கூச்சம்?

இலைத் தட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஊதாத் தண்டோடு இருப்பது ‘ஹுங் குவே’, நம் திருநீற்றுப்பச்சிலையின் இனமேதான், அதனால் முகர்ந்தவுடன் பழகிய வாசனையாக இருக்கும். நீளமாக, ஓரத்தில் ரம்பப் பல் வெட்டிய இலை ‘ஙோ காய்’. கொத்தமல்லி வாசனைதான், இரண்டு மடங்கு உரத்து. (ங வரிசையை நாம் ‘ஙப்போல் வளை’யோடு மறந்துவிட்டோம். அவர்களுக்கு அது அன்றாடம். அங்கே மிகப் பரவலான குடும்பப் பெயரே ‘ஙுயென்’.) இலைகளைக் கிள்ளித்தான் போட வேண்டும், முழுத் தண்டாக அல்ல. பச்சை முளை பிடிக்காவிட்டால் ‘யா துருங்’ என்று கேளுங்கள், வெந்நீரில் ஒரு முக்கு முக்கித் தருவார்கள். ஙோ காய் விலை ஏறும் குளிர்காலத்தில் பல கடைகள் சத்தமில்லாமல் அதை நிறுத்திவிட்டு வெறும் முளையைக் குவிக்கும். ஜூலை மாதத்திலும் அந்த ரம்ப இலை தட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். என் கடையைப் பற்றி எனக்கு உறுதியாகத் தெரிந்தது அப்போதுதான்.

படி 6: மாடு சாப்பிடாதவர்கள், எதுவுமே சாப்பிடாதவர்கள்

கோழி ஃபோவுக்கு ‘ஃபோ கா’ என்று பெயர். இதிலும் ஒரு சோதனை உண்டு. கோழிக்குத் தனி அண்டா வைத்திருக்கும் கடையும் உண்டு, மாட்டுச் சாற்றிலேயே கோழித் துண்டைப் போட்டுக் கொடுக்கும் கடையும் உண்டு. கேட்டுவிடுங்கள். நேர்மையாகச் சொல்வார்கள், ஆனால் கேட்டால்தான் சொல்வார்கள்.

சைவர்களுக்குத் தெரிய வேண்டிய ஒரே வார்த்தை ‘சாய்’. ஆங்கில எழுத்தில் சி, எச், ஏ, ஒய். டீ இல்லை. பௌத்த வழியில் வந்த சைவம். ஆங்கிலத்தில் ‘வெஜிடேரியன்’ என்று கேட்டுவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள். ஊரிலிருந்து வந்திருந்த என் பெரியம்மா மகளை ஒரு கடைக்கு அழைத்துப்போய், கறி வேண்டாம், மீன் வேண்டாம், முட்டை வேண்டாம் என்று பட்டியல் போட்டுச் சொன்னேன். தலையாட்டினார்கள். டோஃபு ரோல் வந்தது. அழகாகத் தொட்டுச் சாப்பிட்டவள், மூன்றாவது வாயில் நிறுத்தி, “அண்ணா, இதில் கருவாட்டு வாசனை வரலையா?” என்றாள். தொட்டுக்கொள்ள வைத்த ‘நுவக் சாம்’ முழுக்க மீன் சாறு. நெத்திலியையும் உப்பையும் மாதக்கணக்கில் ஊறவைத்து வடிப்பது. அவர்கள் கணக்கில் அது மீனே இல்லை, உப்பு. தப்பு அவர்கள் மேல் என்றும் சொல்ல முடியாது.

‘சாய்’ என்று சொன்னால் மட்டும் அந்தக் கதவு சரியாக மூடும். மீன் சாற்றுக்குப் பதில் சோயா சாறு, ‘நுவக் துவாங்’ வரும். இன்னொரு சூட்சுமம்: வியட்நாமிய பௌத்தர்கள் பலர் சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் சைவம். அதாவது அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டி. மற்ற நாளில் சாய் அயிட்டமே வைக்காத கடைகளில்கூட அன்றைக்குக் காகிதத்தில் கையால் எழுதி ஒட்டியிருப்பார்கள். உங்கள் வீட்டு நாட்காட்டியில் தேதி ஏற்கெனவே இருக்கிறது, கிழிக்கும்போது பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 7: இரண்டாவது முதல் ஆறாவது முறை வரை

முதல் நாளே எல்லாவற்றையும் வாங்கிப் பரப்பாதீர்கள். ஒரு வாரத்துக்கு ஒன்று. நம் நாக்குக்கு எளிதில் ஒட்டுகிற வரிசை இது.

‘கம் தம்’, அதாவது உடைந்த அரிசிச் சோறு. நொய்யேதான். ஒருகாலத்தில் விற்க முடியாத நொய்யை ஏழைகள் பொங்கிச் சாப்பிட்டார்கள், இன்று சைகோனின் அடையாளமே அதுதான். சுட்ட பன்றி விலா, முட்டை வைத்து அவித்த இறைச்சிக் கட்டி, ஊறுகாய்க் கேரட். நொய்க்கஞ்சியைத் தாண்டி நொய்யை நாம் யோசிக்காமல் விட்டது ஏன் என்று தோன்றும்.

‘பான் செயோ’ அரிசிமாவில் மஞ்சளும் தேங்காய்ப்பாலும் கலந்து, சட்டியில் ஊற்றி மொறுமொறுவென மடித்துத் தருவது. உள்ளே இறாலும் முளையும். ‘செயோ’ என்பது மாவை ஊற்றும்போது எழும் சத்தம். தோசைக்கு இரண்டு முறை ‘சை’ என்று சத்தம் வருவதால்தான் அந்தப் பெயர் என்று நாம் வேடிக்கைக்குச் சொல்வோம். அவர்கள் நிஜமாகவே அப்படித்தான் பெயர் வைத்திருக்கிறார்கள். அதைக் கீரை இலையில் சுருட்டித் தொட்டுச் சாப்பிட வேண்டும். முள்கரண்டியால் வெட்டினால் அந்த அம்மா வருவார்.

காரம் வேண்டுமென்றால் ‘புன் போ ஹுவே’. எலுமிச்சைப்புல்லும் புளித்த இறால் விழுதும் சேர்ந்த சிவந்த சாறு. பன்றிக் கால் துண்டும் உறைந்த ரத்தக் கட்டியும் வரும், வேண்டாம் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஃபோவைவிட எனக்கு இதுதான் பிடிக்கும், ஆனால் ஃபோ கடையில் இதைச் சாப்பிட்டுத் தீர்ப்பு எழுதக்கூடாது.

பிறகு ‘கா ரி கா’. சொல்லிப் பாருங்கள். முதல் இரண்டு எழுத்தும் நம்முடையது. கோழிக்கறி, தேங்காய்ப்பால், எலுமிச்சைப்புல், கிழங்கு, தொட்டுக்கொள்ளப் பிரெஞ்சு ரொட்டி. சைகோனில் பிரெஞ்சுக்காரர் காலத்தில் வட்டிக்கடை வைத்திருந்த நகரத்தார்களும், பிரெஞ்சுக் குடிமக்களாக அரசு வேலைக்குப் போன புதுச்சேரித் தமிழர்களும் வாழ்ந்தார்கள். பென் தான் சந்தைக்குப் பக்கத்தில் துருவாங் தின் தெருவில் மாரியம்மன் கோயில் இன்றும் இருக்கிறது, இப்போது அங்கே நேர்ந்துகொள்ள வருபவர்களில் வியட்நாமியரே அதிகம். இந்தக் கறியைச் சாப்பிட்டால் ‘அட நம்ம குழம்பு’ என்று தோன்றாது. எங்கோ வாக்கப்பட்டுப் போன அத்தை அந்த ஊர்ச் சேலை கட்டிக்கொண்டு வந்து நிற்பது மாதிரி இருக்கும்.

காபி கடைசியில். ‘கா ஃபே சுவா தா’. தம்ளர் மேலே குட்டித் தகர ஃபில்டர் உட்கார்ந்திருக்கும், சொட்டுச் சொட்டாக டிகாக்‌ஷன் இறங்கும். கீழே கெட்டிப் பால் (கண்டென்ஸ்டு மில்க்). இறங்கி முடிந்ததும் கலக்கி ஐஸில் ஊற்றுங்கள். ஐந்து நிமிடம் ஆகும், அவசரப்படுத்தினால் வேலைக்காகாது. ஃபில்டர் காபிக்காரர்களுக்கு இதில் சொல்லித்தர ஒன்றுமில்லை, பாலைக் காய்ச்சாமல் விட்டார்களே என்ற வருத்தம் மட்டும் இருக்கும்.

படி 8: வாடிக்கையாவது

ஒரே கிழமை, ஒரே நேரம், முடிந்தால் ஒரே மேசை. எனக்கு வியாழக்கிழமை காலை ஒன்பதரை. இதில் பெரிய ரகசியம் இல்லை. கடைக்காரர்கள் முகத்தைவிடக் கிழமையை நன்றாக ஞாபகம் வைத்திருப்பார்கள். ரொக்கமாகக் கொடுங்கள். சாப்பிட்டு முடித்ததும் எழுந்துவிடுங்கள், வாசலில் ஆள் நிற்கும்போது லேப்டாப்பைத் திறந்து உட்காராதீர்கள். விலை ஏறினால் முணுமுணுக்காதீர்கள். நான் போகத் தொடங்கியபோது 12 டாலர், இப்போது 18. மாட்டெலும்பும் விலை ஏறியிருக்கிறது, அந்த அம்மாவின் முழங்கால் வலியும் ஏறியிருக்கிறது.

முதல் அடையாளம் ஏழாவது எட்டாவது வாரத்தில் வரும். நீங்கள் கேட்காமலே முளையை முக்கிக் கொண்டுவருவார்கள். அல்லது கிண்ணத்தில் கூடுதலாக ஒரு எலும்பு கிடக்கும். எனக்குப் பதினொன்றாவது வாரம் வந்தது. அந்த அம்மா என்னை ‘கோன்’ என்று கூப்பிட்டார். பிள்ளை என்று அர்த்தம். நாற்பத்திரண்டு வயதில் ஒரு கிண்ணத்தைப் பார்த்தபடி ரொம்ப நேரம் தலையைக் குனிந்திருந்தேன்.

தெத் என்னும் அவர்கள் புத்தாண்டு ஜனவரி கடைசியிலோ பிப்ரவரியிலோ வரும். அதற்கு முந்தைய வாரம் போகும்போது ஒரு பெட்டி ஆரஞ்சு வாங்கிப் போங்கள். பதிலுக்கு வாழையிலையில் சுற்றி அவித்த ‘பான் தெத்’ கிடைக்கலாம். ஒட்டரிசி, பாசிப்பருப்பு, நடுவில் பன்றியிறைச்சி. வீட்டில் வட்டமாக வெட்டி எண்ணெயில் பொரித்தால் இன்னும் நன்றாக இருக்கும்.

கதவு சாத்தியிருந்து, கையால் எழுதிய தாள் ஒன்று ஒட்டியிருந்தால் பதற வேண்டாம். அதில் ‘ஙி’ என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். ஆங்கில எழுத்தில் என், ஜி, எச், ஐ. விடுமுறை என்று பொருள். கீழே இரண்டு தேதி இருக்கும், முதல் எண் நாள், இரண்டாவது மாதம். திறக்கும் தேதியைக் குறித்துக்கொண்டு, பக்கத்து ரொட்டிக்கடையில் ஒரு பான் மீ (பிரெஞ்சு ரொட்டிக்குள் இறைச்சியும் ஊறுகாயும் வைத்த வியட்நாமிய சாண்ட்விச்) வாங்கிக்கொண்டு ரயில் ஏறுங்கள். மிளகாய் அதிகமாகவே கேளுங்கள், நம்மைப் பார்த்தால் குறைத்துத்தான் போடுவார்கள்.